கணினி அறைக்குப் பூட்டுப் போடும்போது விடும் பிழைகள்

வன்னியில் துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கப் பாடசாலைகளுக்குப் புதிதாக நியமனம் பெற்று வரும் ஐசிடி ஆசிரியர்கள் முதல் மாதமே கையில் எடுக்கிற வேலை, இணையத்துக்கு வடிகட்டி போடுவது. செய்யத்தான் வேண்டும். ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் விட்ட பிழைகளையே வரிசை மாறாமல் விடுகிறார்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டை மாற்றாமல் விடுவது போன்ற சில்லறைப் பிழைகளை இங்கே எழுதவில்லை. அவற்றை இரண்டாம் வாரமே பிள்ளைகள் உங்களுக்குப் படிப்பித்துவிடுவார்கள்.

டிஎன்எஸ் மாற்றிவிட்டேன், இனிப் பயமில்லை

தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் எண் முகவரியைச் சொல்லும் சேவைதான் டிஎன்எஸ். ரவுட்டரின் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.3 என்று மாற்றுவதுதான் வழமை. கிளவுட்ஃபிளேர் 2020 ஏப்ரலில் தொடங்கிய இலவச சேவை அது. ஆபாசத் தளம் எங்கே இருக்கிறது என்று கணினி கேட்டால் பதில் சொல்லாது. ஐந்து நிமிட வேலை, செலவும் இல்லை.

ஆனால் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் தனியாக ஒரு பாதுகாப்பு டிஎன்எஸ் அமைப்பு இருக்கிறது. பிள்ளை அதில் வேறொரு சேவையைத் தெரிவு செய்துவிட்டால், கேள்வி குறியாக்கப்பட்டு வெளியே போய்விடும், உங்கள் 1.1.1.3 பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே கணினிகளிலும் இதை நிறுத்த வேண்டும். விண்டோஸ் புரோ என்றால் குரூப் பொலிசியில், ஹோம் என்றால் ரெஜிஸ்ட்ரியில்.

மாணவருக்கு அட்மின் கணக்கு

கூடாது.

யூடியூப்பை முழுதாக அடைப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

அதிபர் ஒருநாள் கணினி அறைப் பக்கம் வருவார். ஏதோ ஒரு திரையில் படப் பாட்டு ஓடும். அடுத்த நாள் யூடியூப் இல்லை. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் 2020 முடக்கத்துக்குப் பிறகு உயர்தரப் பாடங்களில் பாதி யூடியூப்பில்தான் இருக்கிறது. விஞ்ஞானப் பாடங்களுக்கு ஆசிரியர் கிடைக்காத பாடசாலைகளுக்கு வன்னியில் குறைவில்லை. அங்கே படிக்கும் பிள்ளைக்கு அந்த வீடியோதான் ஆசிரியர்.

அப்படி அடைத்த ஒரு பாடசாலைக்கு, டேட்டா முடிந்துகொண்டே போகிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். மாதம் முழுக்க ஓடவேண்டிய பக்கேஜ் இரண்டாம் வாரத்திலேயே காலி. ரவுட்டரின் கணக்கைத் திறந்தால், டவுன்லோடை விட அப்லோட் கூட. கணினி அறையில் இருந்து யார் இவ்வளவை வெளியே அனுப்புகிறார்கள்? ஒவ்வொரு கணினியாகப் பார்த்தோம். நாலைந்தில் வலப்பக்க மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு விபிஎன் அடையாளம். வடிகட்டியின் கண்ணில் படாமல் வேறொரு கணினி வழியாக இணையத்துக்குச் சுரங்கம் போட்டுக்கொடுக்கும் செயலி அது. எல்லாக் கணினியும் அட்மின் கணக்கில் ஓடியதால் பென்ட்ரைவில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். ஒரு கணினியில் உயிரியல் படிக்கும் பிள்ளை ஒன்று இதயத்தின் குறுக்குவெட்டுப் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எழும்பி நின்றது.

“ரீச்சர் அனுப்பின வீடியோ ஓடேல்லை சேர். பெடியள்தான் இதைப் போட்டுத் தந்தவங்கள்.”

அந்தப் பிள்ளையை என்னவென்று ஏசுவது?

இலவச விபிஎன்களில் ஒரு வகை, உங்கள் இணைப்பை வேறு யாரோ பயன்படுத்துவதற்குத் திறந்துவிடும். ஹோலா என்ற பிரபலமான விபிஎன் பயனர்களின் இணைப்பைப் பணத்துக்கு விற்றது 2015இல் வெளியே வந்தது. நாங்கள் கண்டது ஹோலா அல்ல, ஆனால் நடந்த வேலை அதேதான். எங்கேயோ இருப்பவன் இந்தப் பாடசாலையின் டேட்டாவில் ஊர் சுற்றியிருக்கிறான். அவன் அங்கே ஏதாவது கூத்தடித்தாலும் பதிவாகப்போவது பாடசாலையின் முகவரிதான். போனில் போடும் விபிஎன்களும் திறமில்லை. 2016இல் ஆய்வாளர்கள் ஆண்ட்ரொய்ட் விபிஎன் செயலிகள் 283ஐப் பிரித்துப் பார்த்தார்கள். 38 வீதமானவற்றில் தீங்குநிரலின் அறிகுறி இருந்தது. 18 வீதமானவை தரவைக் குறியாக்கவே இல்லை.

பெடியளுக்கு விபிஎன் யார் காட்டிக்கொடுத்தது என்று கேட்கிறார்கள். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனவில் நடந்த கலவரத்தோடு அரசாங்கம் ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் அடைத்தது. 2019 ஏப்ரலில் மறுபடி, 2022 ஏப்ரலில் மறுபடி. கனடாவில் இருக்கும் சித்தப்பாவோடு கதைக்கத் தகப்பன் போனில் போட்ட விபிஎன்னைத்தான் மகன் பாடசாலைக்குக் கொண்டுவருகிறான். தேவையான ஒன்றை அடைத்தால் சனம் சுற்றுவழி பழகும் என்பதற்கு நாடே சாட்சி. படப் பாட்டுக்காக மட்டும் அடைத்தால் விபிஎன் தேடுகிறவன் ஒருவன். பாடத்தையும் சேர்த்து அடைத்தால் வகுப்பே தேடும். சுரங்கம் ஒருமுறை திறந்தால் 1.1.1.3 தடுத்து வைத்த எல்லாமே அதற்குள்ளால் வரும்.

அப்போ என்ன செய்வது? யூடியூப்பின் கட்டுப்பாட்டுப் பயன்முறையைக் கட்டாயமாக்கலாம். டிஎன்எஸ்ஸைக் கேட்க முன்னம் கணினி பார்க்கும் முகவரிப் பட்டியலான ஹோஸ்ட்ஸ் கோப்பில் யூடியூப்பின் பெயர்களை 216.239.38.119க்குத் திருப்பினால் மிதமான கட்டுப்பாடு, 216.239.38.120க்குத் திருப்பினால் கடுமையானது. மிதமானதே போதும், கடுமையானதில் நல்ல பாடங்களும் சிலவேளை மறைந்துபோகும். படப் பாட்டை இரண்டுமே பெரிதாகத் தடுக்காது. அதற்கு நீங்கள்தான் கதிரையை விட்டு எழும்பிப் பின்னால் நடந்து திரிய வேண்டும்.

இன்னொன்று, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்கள் பிடிஎஃப் ஆக இலவசம். இறக்கி எல்லாக் கணினியிலும் போட்டுவிட்டால் அதற்காக ஒருவரும் இணையத்துக்குப் போகத் தேவையில்லை.

ஆசிரியர் கணக்கில் இருந்து சோதிப்பது

வடிகட்டி வேலை செய்கிறதா என்று மாணவர் கணக்கில் இருந்து சோதியுங்கள்.

போன் இல்லை என்று நம்புவது

பாடசாலைக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்பது விதி. புத்தகப் பைக்குள் இருப்பது வேறு. பையில் கிடக்கும் ஒரு போனின் ஹொட்ஸ்பொட்டில் நாலு கணினி ஓடும்; உங்கள் ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது. வைஃபை டோங்கிள்களைக் கழற்றி லாச்சிக்குள் வைத்துவிட்டுக் கேபிளில் ஓட விடுங்கள்.

அப்புறம், உயர்தரப் பெடியன் யாராவது கணினியின் முன்பக்கத்தில் போனைச் செருகி “சார்ஜ் போடுறன் சேர்” என்றால், திரையில் நெட்வேர்க் அடையாளத்தைப் பாருங்கள். பெரும்பாலும் யுஎஸ்பி டெதரிங், அதாவது போனின் இணைப்பைக் கேபிளால் கணினிக்குக் கொடுப்பது. பயோஸில் முன்பக்க யுஎஸ்பிக்களை நிறுத்தலாம். செயற்றிட்ட வேலைகளை எடுத்துப்போகப் பென்ட்ரைவ் வேண்டும் என்பதால் ஒரு கணினியில் மட்டும் விட்டுவையுங்கள், உங்கள் மேசைக்குப் பக்கத்தில் இருப்பதில்.