வயதான அம்மா அப்பாவைக் கூச்சப்படுத்தாமல் குளிக்க வைப்பது எப்படி?

பெரியவர்கள் குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். வழுக்கி விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கும். பெற்ற பிள்ளை முன்னால் துணி களைய வேண்டுமே என்ற கூச்சம் அதைவிடப் பெரிதாக இருக்கும். பயத்தை ஏற்பாட்டால் போக்கலாம். கூச்சத்துக்கு ஒரே விதிதான்: அவர் கை எட்டும் இடத்துக்கு உங்கள் கை போகக் கூடாது.

யார் குளிக்க வைப்பது என்பதை அவரிடமே கேளுங்கள். மகனைவிட, சம்பளத்துக்கு வரும் பெண்ணிடம் கூச்சம் குறைவு என்று சொல்லும் அம்மாக்கள் உண்டு. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியைக் குளியலறைக்குள் போடாதீர்கள். ஈரத் தரையில் அதன் கால்கள் அகன்று சறுக்கும். தாழ்வான முக்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. கால்களில் ரப்பர் முனையும், இருபக்கம் கைப்பிடியும் உள்ள குளியல் நாற்காலி சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். உட்காரும் பலகை 16 முதல் 18 அங்குல உயரத்தில், பாதம் முழுதும் தரையில் படியும்படி இருக்கட்டும். சுவரில் துளையிட்டுத் திருகிய பிடிகம்பி 33 முதல் 36 அங்குல உயரத்தில் வேண்டும். ஒட்டவைக்கும் கம்பியையும் துண்டு போடும் கம்பியையும் நம்பாதீர்கள், ஆள் பாரம் விழுந்தால் பெயர்ந்து வந்துவிடும். கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டாம், சாத்தி வைத்தால் போதும். கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் தச்சரிடம் சொல்லி மாற்றிவிடுங்கள். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் திறக்க முடியாது.

சோப்பு, இரண்டு துண்டு, மாற்றுத் துணி எல்லாம் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். மறந்த துண்டை எடுக்க நீங்கள் வெளியே போகும் அரை நிமிடத்தில்தான் அவர் தானாக எழுந்திருக்கப் பார்ப்பார்.

வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் என்று விளாவுங்கள். 37, 38 டிகிரி செல்சியஸ் போதும். 40ஐத் தாண்ட வேண்டாம். உங்கள் முழங்கையை முக்கிப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவரின் பாதத்தை வைத்துச் சோதிக்கவே கூடாது, உணர்ச்சி மங்கிய கால் வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது. வாளியில் போடும் ஹீட்டர் ராடை, பிளக்கைப் பிடுங்கி அறையைவிட்டே வெளியே எடுத்த பிறகுதான் அவரை அழைத்து வர வேண்டும்.

அம்மாவுக்கு, ஆற்றங்கரையில் பெண்கள் குளிக்கும் முறைதான் இன்றும் சிறந்தது. உள்பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிவிட்டு, மற்றதைக் களையட்டும். அப்பாவுக்கு இடுப்பில் மெல்லிய ஈரிழைத் துண்டு. டர்க்கி டவல் நனைந்தால் கனத்து நழுவும். தண்ணீரைத் துணிமேலேயே ஊற்றலாம், சோப்பும் துணிக்குள்ளேயே போடலாம்.

எடுத்த எடுப்பில் தலையில் ஊற்றாதீர்கள். மறதி நோய் உள்ளவர் மிரண்டு அடிக்கவும் வருவார். பாதம், முழங்கால், மடி, தோள் என்று மேலேறுங்கள். முகத்தை அவரே, சோப்பில்லாமல், கழுவட்டும். ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்லுங்கள்: “முதுகு தேய்க்கிறேம்மா.” குழந்தையைக் கொஞ்சுவது போல் பேசாதீர்கள், அதுவும் அவமானம்தான். அந்தரங்க இடம் வந்ததும் சோப்புத் துணியை அவர் கையில் கொடுத்து, “நீங்க தேய்ச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு, நீங்கள் குனிந்து கால்விரல் இடுக்கைக் கழுவிக்கொண்டிருங்கள். பார்வையைத் திருப்பியது போலவும் இருக்காது, பார்த்தது போலவும் இருக்காது. அவரால் முடியாவிட்டால் மட்டும் கையுறை போட்டுக்கொண்டு, முன்னிருந்து பின்னாக, சீக்கிரம் முடித்துவிடுங்கள். பெண்களுக்குப் பின்னிருந்து முன்னாகத் துடைத்தால் சிறுநீர்த் தொற்று வரலாம்.

உலர்ந்த துண்டைப் போர்த்திய பிறகே ஈரத்துணியை அடியிலிருந்து உருவ வேண்டும். முதியோர் தோல் மெல்லியது. தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மார்பின் அடி, தொடையிடுக்கு, விரலிடுக்கு மூன்றிலும் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். முதுகைத் துடைக்கும்போதே வாலெலும்பையும், காலைத் துடைக்கும்போது குதிகாலையும் பார்த்துவிடுங்கள். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு படுக்கைப்புண்ணின் தொடக்கம். மாநிறத்தில், கறுப்பில் அது சிவப்பாகத் தெரியாமல் கருத்த திட்டாகத் தெரியலாம். அந்த இடத்தைத் தேய்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெந்நீரில் இரத்தக் குழாய் விரிந்து பிபி இறங்கும், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். அதனால் உட்கார்ந்தபடியே மேல்துணியை உடுத்தி, ஓரிரு நிமிடம் கழித்து எழுப்புங்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள், தோள்பட்டை விலகிவிடலாம். பக்கவாதம் வந்தவருக்குப் பலவீனமான கையை முதலில் சட்டைக்குள் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியாக.

தினமும் முழுக்குளியல் தேவையில்லை. வாரம் இரண்டு மூன்று நாள் போதும். மற்ற நாட்களில் முகம், அக்குள், இடுக்குகள், பாதம் ஆகியவற்றை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். எண்ணெய் தேய்த்துக் குளித்தே பழகியவர் வெள்ளி, சனி வந்தால் கேட்பார். மறுக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு தலைக்கு மட்டும் வைத்துவிடுங்கள். உடம்பெல்லாம் எண்ணெய் இருந்தால் தரையும் வழுக்கும், நீங்கள் பிடித்த கையும் வழுக்கும்.