கடல் தெரியும், குடித்தனம் தெரியாது: பாய்மரப் படகில் தீவு சுற்றப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஏப்ரல் 15 வந்து மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்ததும் காசிமேட்டில் விசைப்படகெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். 61 நாள். அந்தச் சமயத்தில்தான் ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்துப் பையன்கள் யாராவது வந்து "அண்ணா, அந்தமான் பக்கம் யாட்டுல ஆள் எடுக்கறாங்களாமே" என்று கேட்பார்கள். என் பிழைப்பு அதுதான். ஓனர்களின் யாட் என்கிற பாய்மரப் படகை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன், அவர்கள் குடும்பத்தோடு தீவு சுற்றும்போது கூடவே தங்கிப் படகைப் பார்த்துக்கொள்வேன். கேட்டு வந்தவர்களில் சிலரை அழைத்துக்கொண்டும் போயிருக்கிறேன்.

இவர்களுக்கு அலையும் காற்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாடையா கச்சானா என்று முகத்தில் பட்ட உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் மீன் பிடிக்கப் போகிற படகு வேலை முடிந்ததும் கரைக்குத் திரும்பிவிடும். யாட்டிலோ வாரக்கணக்கில் அங்கேயே சமைத்து, குளித்து, துணி காயப்போட்டு, தூங்கி எழ வேண்டும். அந்த வித்தியாசம் புரியாமல், ஆரம்பத்தில் நான் அடித்த அதே கூத்துகளை ஒவ்வொருவரும் புதிதாக அரங்கேற்றுவதைப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். லைஃப் ஜாக்கெட் போடு, தொப்பி வை, குடித்துவிட்டு டெக்கில் நடக்காதே என்பதெல்லாம் இதில் கிடையாது. அது தெரியாதவர் படகில் ஏறவே வேண்டாம்.

தடைக்காலத்தைப் பார்த்து நாள் குறிப்பது

நமக்கு ஓய்வு கிடைக்கிற மாதங்கள் அங்கே சரிப்படாத மாதங்கள். அந்தமானில் படகில் சுற்ற ஏற்ற காலம் டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரைதான். மே மாதம் தென்மேற்குப் பருவமழை கேரளாவைத் தொடுவதற்கு முன்பே அங்கே இறங்கிவிடும், அதற்கப்புறம் மேற்குப் பக்கம் திறந்திருக்கிற எந்த விரிகுடாவிலும் நிம்மதியாக நிற்க முடியாது. டிசம்பர் முதல் பாதியையும் நம்பாதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையில் மரங்களைச் சாய்த்த வர்தா புயலை நாமெல்லாம் மறந்திருக்க மாட்டோம். அது நம்மிடம் வருவதற்குச் சில நாள் முன்பு அந்தமானில் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் வந்தது, ஹேவ்லாக் தீவில் சுற்றுலா போனவர்கள் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டார்கள்.

இன்னொன்று தூரம். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (2024-இலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 1,200 கிலோமீட்டர். பயணிகள் கப்பலிலேயே ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். மணிக்கு 5 கடல்மைல் போகிற பாய்மரப் படகுக்கு, காற்று ஒழுங்காகக் கிடைத்தால் ஐந்தரை நாள். கிடைக்காவிட்டால் எத்தனை நாள் என்று கேட்காதீர்கள். தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்குத் தேதி வைத்துவிட்டுக் கிளம்பி வருகிறவர்களை நான் இப்போதெல்லாம் சேர்ப்பதில்லை.

அட்டைப்பெட்டியோடு ஏறுவது

வேண்டாம். கரையிலேயே பிரித்துக் கொட்டிவிடுங்கள். அட்டையின் மடிப்புகளுக்குள் கரப்பான் முட்டை இருக்கும், படகில் அது குடியேறினால் நீங்கள்தான் காலி செய்ய வேண்டியிருக்கும்.

வாழைப்பழம் தாராக வாங்காதீர்கள், எல்லாம் ஒரே நாளில் பழுத்துத் தொலைக்கும். கழுவாத, ஃப்ரிட்ஜில் வைக்காத முட்டை வாரக்கணக்கில் தாங்கும். கருவாடு: ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

தண்ணீர்

இந்த ஒரு விஷயத்தில் நம்ம பையன்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. தண்டையார்பேட்டையில் லாரித் தண்ணிக்குக் குடம் போட்டு வரிசையில் நின்று வளர்ந்தவனுக்கு, பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்துக் கடைசியில் ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் அலசு என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தவறு நடப்பது வேறு இடத்தில். இப்போது பல படகில் கடல்நீரைக் குடிநீராக்குகிற மெஷின் இருக்கிறது. துறைமுகத்துக்குள் நின்றுகொண்டே அதைப் போட்டுவிடுகிறார்கள். எண்ணூர் முகத்துவாரத்தில் 2023 டிசம்பரில் எண்ணெய் படிந்து கிடந்ததைப் பார்த்தவர்கள்கூட அதைச் செய்வதுதான் எனக்குப் புரியவில்லை. அந்த மெஷினுக்குள் இருக்கிற சவ்வுக்கு எண்ணெய் விஷம், குளோரினும் விஷம். அதனால் கரையில் பிடித்த குழாய்த் தண்ணீரை அப்படியே விட்டு அலசுவதும் கூடாது. மெஷினே தயாரித்த தண்ணீரால் அலசுங்கள், இல்லையென்றால் கார்பன் ஃபில்டர் வழியாக விடுங்கள்.

நங்கூரத்தைப் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பது

இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகத் திட்டப் போகிறேன்.

"நான் கடல்லயே பொறந்தவன், எனக்கு நங்கூரம் போடச் சொல்லித் தர்றியா?" இந்த வசனத்தைச் சொல்லாமல் ஒருத்தனும் முதல் வாரத்தைத் தாண்டியதில்லை. சரி, ஃபைபர் படகில் எப்படிப் போடுகிறோம்? நாலு கொம்பு நங்கூரம், நைலான் கயிறு, அடியில் நம்ம மணல் தரை. வலை இழுக்கிற நேரம்வரை நின்றால் போதும், யாராவது விழித்திருப்பார்கள், நகர்ந்தால் இஞ்சினைத் தட்டிவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம். யாட் ஏழெட்டு டன் எடை. பாய்மரமும் பாய்க்கயிறுகளும் காற்றை வாங்கிக்கொண்டே இருக்கும். ராத்திரி எல்லாரும் உள்ளே தூங்குவார்கள். பின்னால் முந்நூறு அடியில் பவளப்பாறை. இரண்டும் ஒரே வேலையா?

ஹேவ்லாக் பக்கம் ஒரு விரிகுடாவில் நடந்தது இது. நான் ஒரு படகில், எங்கள் ஏரியாப் பையன் ஒருவன் பக்கத்துப் படகில். சாயங்காலம் நாலு மணி, நீர் நன்றாக வற்றியிருந்தது. மீட்டரில் ஆழம் 5 என்று காட்டியது. ஐந்து மடங்கு சங்கிலி விடணும் என்று எங்கேயோ கேட்டிருக்கிறான், 25 மீட்டர் விட்டான், சங்கிலியை இறக்கி ஏற்றுகிற விண்ட்லாஸ் மெஷினை நிறுத்தினான், கையைத் துடைத்தான். "இன்னும் விடுடா" என்று இங்கிருந்து கத்தினேன். "நிக்குதுண்ணா!" என்று கட்டைவிரலைக் காட்டினான். காற்றே இல்லாதபோது எதுதான் நிற்காது? வெறும் சங்கிலிக் குவியலின் எடைக்கே படகு நிற்கும்.

கணக்கை இப்படிப் போட வேண்டும். மீட்டர் காட்டுவது தண்ணீரின் ஆழம்தான் (அதுவும் தண்ணீர்மட்டத்திலிருந்து அளக்கிறதா, கீழே இருக்கிற சென்சாரிலிருந்தா என்று முதலில் பார்த்துவிடுங்கள்). சங்கிலி கிளம்புவதோ அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து. அது நீருக்கு மேல் 1.2 மீட்டர் என்று வையுங்கள். அப்புறம் ஏற்றம், அதாவது கடல்மட்டம் உயர்வது. சென்னையில் பெரிய அமாவாசை ஏற்றம்கூட ஒரு மீட்டர் சுற்றித்தான், அதனால் நம்ம ஆட்களுக்கு அந்த எண்ணமே வராது. அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 2 மீட்டர் வரை ஏறி இறங்கும். ஆக 5 + 1.2 + 2 = 8.2. ஐந்து மடங்கு என்றால் 41 மீட்டர் சங்கிலி. கயிறாக இருந்தால் ஏழு மடங்கு, 57 மீட்டர். அவன் விட்ட 25 மீட்டர், நீர் ஏறி முடிந்தபோது வெறும் மூன்று மடங்கு. நங்கூரம் தரையோடு தரையாக இழுபட்டால்தான் மண்ணைக் கடிக்கும். சங்கிலி குட்டையானால் இழுப்பு மேல்நோக்கிப் போய், அதுவே நங்கூரத்தைப் பிடுங்கிவிடும்.

பதினோரு மணிக்கு மேற்கிலிருந்து ஒரு கருமேகம் வந்து அரைமணி நேரம் சாத்தியது. நீர் உச்சியில் இருந்த நேரம். அவன் படகு மெதுவாக, சத்தமே இல்லாமல், பின்னால் போனது. நான் டார்ச் அடித்துக் கத்தியது அந்த மழையில் யார் காதில் விழும்? குறித்த வட்டத்தைத் தாண்டிப் படகு நகர்ந்தால் அலறுகிற நங்கூர அலாரத்தைச் செல்போனில் வைத்திருந்தானாம், வட்டத்தைப் பெரிதாகப் போட்டு வைத்திருந்ததால் பாறையும் அந்த வட்டத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. தட்டிய பிறகுதான் எழுந்தார்கள்.

தட்டின நேரத்தைக் கவனியுங்கள். வற்றத்தில் தட்டியிருந்தால் நீர் ஏறும்போது படகு தானாக மிதந்து வந்துவிடும். உச்சியில் தட்டினால் அடுத்த ஆறு மணி நேரம் நீர் இறங்கிக்கொண்டே போகும், படகு ஒருக்களித்துச் சாயும், எடை மொத்தமும் ஓரத்திலும் சுக்கானிலும் இறங்கும். விடியற்காலை நாலு மணிக்கு டிங்கி என்கிற சின்னப் படகில் போய்ப் பார்த்தேன். சுக்கான் தண்டு வளைந்து, கீழ்ப்பாதி தனியாகத் தொங்கியது. புது சுக்கான் வந்து சேர்வதற்குள் சீசனே முடிந்துவிட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளத்துக்கும் இடம் உண்டு என்பதால் உடைந்த பாறைக்கு வேறு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இத்தனையும் 16 மீட்டர் சங்கிலியை மிச்சம் பிடித்ததால். அந்தச் சங்கிலி பெட்டிக்குள் பத்திரமாகக் கிடந்தது! அதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

போட்ட பிறகு செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. இஞ்சினைப் பின்னோக்கிப் போட்டு மெதுவாக வேகத்தைக் கூட்டுங்கள். கரையில் ஒரு தென்னை, அதற்குப் பின்னால் ஒரு கூரை என்று இரண்டை நேர்க்கோட்டில் வைத்துப் பாருங்கள். இழுக்கும்போது அந்த இரண்டும் விலகினால் நங்கூரம் பிடிக்கவில்லை. அப்புறம் கண்ணாடி மாட்டிக்கொண்டு குதித்து நேரில் பாருங்கள். தண்ணீர்தான் தெளிவாக இருக்கிறதே. மணலில் புதைந்திருக்கிறதா, பவளத்தில் மாட்டித் தொங்குகிறதா என்று தெரிந்துவிடும். பவளம் என்றால் எடுத்து வேறிடம் பாருங்கள். கடைசியாக, சங்கிலியின் பாரத்தை விண்ட்லாஸில் விட்டுவிட்டுப் படுக்காதீர்கள். ஒரு நைலான் கயிற்றைச் சங்கிலியில் கொக்கி போட்டு அணியத்தில் கயிறு கட்டுவதற்கென்றே இருக்கிற கிளீட்டில் கட்டுங்கள், அலை வெட்டும்போது அந்தக் கயிறு நீண்டு கொடுக்கும். விண்ட்லாஸ் பல்சக்கரம் உடைந்தால் அந்தச் செலவு தனி.

பேட்டரி

ஃப்ரிட்ஜ்தான் திருடன். சாதா ஈயப் பேட்டரியில் 200 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் உங்களுக்கு 100 தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வில் 12.2 வோல்ட்டுக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரமே செத்துப்போகும், புதிது வாங்க அடுத்த பெரிய ஊர்வரை போக வேண்டும்.

கேஸ்

வீட்டில் கசிந்தால் கதவைத் திறக்கிறோம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. படகில் கசிந்தால் அடித்தட்டுக்கு இறங்கித் தேங்கி நிற்கும், கதவைத் திறந்து பயனில்லை. அடுப்புக் குமிழை மூடினால் போதாது, ஒவ்வொரு முறையும் சிலிண்டரிலேயே மூடுங்கள்.

கக்கூஸ்

நீங்கள் சாப்பிடாத எதையும் அதில் போடாதீர்கள்.

சாயங்காலம் போய்ச் சேரலாம் என்று கிளம்புவது

பவளப்பாறை இருக்கிற விரிகுடாவுக்குள் காலை பத்துக்கும் மதியம் மூன்றுக்கும் நடுவே, சூரியன் உச்சியிலோ முதுகுக்குப் பின்னாலோ இருக்கும்போது நுழையுங்கள். பழுப்பு என்றால் பாறை, வெளிர்ப்பச்சை என்றால் மணல், கருநீலம் என்றால் ஆழம். சூரியன் எதிரே இருந்தால் எல்லாம் ஒரே வெள்ளிதான், ஒன்றும் தெரியாது. திரையில் தெரிகிற வரைபடத்தை மட்டும் நம்பிப் போகாமல் ஒருத்தரை அணியத்தில் நிறுத்துங்கள். நேரம் தப்பிவிட்டதா, வெளியே ஆழமான தண்ணீரில் ராத்திரியைக் கழியுங்கள். தூக்கம் கெடும், அவ்வளவுதான்.

சாட்டிலைட் போன்

வெளிநாட்டு ஓனர் அன்பளிப்பாகக் கொடுத்தாலும் பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பாதீர்கள். அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். மலையேறுகிறவர்கள் வைத்திருக்கிற, செய்தி மட்டும் அனுப்புகிற சின்னக் கருவிக்கும் அதே கதிதான். அந்தக் கருவியோடு விமான நிலையத்தில் பிடிபட்ட வெளிநாட்டுக்காரர்கள் உண்டு. படகிலேயே இருக்கிறது என்றால் இந்தியத் தண்ணீருக்குள் நுழையும் முன்பே ஏஜென்டிடம் சொல்லி அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

செருப்பு

டெக்கில் ரப்பர் செருப்பு வழுக்கும். வெறுங்காலோடு ஓடினால் கிளீட்டில் சுண்டுவிரல் போகும். விரல் மூடின, வெள்ளை அடிப்பாகம் வைத்த ஷூ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கறுப்பு ரப்பர் டெக்கில் கோடு போட்டால் ஓனர் கத்துவார்.