மின்னஞ்சல் முகவரிப் பட்டியலைச் சுத்தமாக வைத்திருக்க: ஒரு சபா அலுவலகத்திலிருந்து

மயிலாப்பூரில் ஒரு சிறிய சங்கீத சபாவின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கச்சேரி அறிவிப்பு, சந்தா நினைவூட்டல், மார்கழி நிகழ்ச்சி நிரல் எல்லாம் ரசிகர்களுக்கு மின்னஞ்சலில்தான் போகின்றன. எங்களுக்கு ஆடி மாதம் சற்று ஓய்வானது. ஐப்பசி பிறந்துவிட்டால் மூச்சுவிட நேரமிருக்காது. ஆகவே முகவரிப் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையை ஆடியில்தான் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் நடத்துவது குடியிருப்போர் சங்கமாக இருக்கலாம், பாட்டு வகுப்பாக இருக்கலாம், புத்தகக் கடையாக இருக்கலாம். வேலை குறைந்த மாதம் ஒன்று உங்களுக்கும் உண்டு. அதை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

எதைத் தொடுவதற்கும் முன்னால் பட்டியலுக்கு ஒரு நகல் எடுத்து, கோப்பின் பெயரிலேயே தேதியைப் போட்டு வையுங்கள். கூகுள் தொடர்புகளில் கடந்த 30 நாட்களுக்குள் இருந்த நிலைக்குத் திரும்பிச் செல்ல வழி இருக்கிறது. ஆனாலும் கையில் ஒரு நகல் இருப்பதே நல்லது.

அடுத்து, பட்டியலில் என்னென்ன விவரங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். பெயர், முகவரி, கைபேசி எண் மூன்றோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். இன்னும் மூன்று நெடுவரிசைகள் கட்டாயம் வேண்டும்: இந்த முகவரி எப்படி வந்தது, எப்போது வந்தது, கடைசியாக எப்போது உறுதியானது. இவை இல்லாத பட்டியலில் எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்று தீர்மானிக்க ஆதாரமே இருக்காது. 'நவராத்திரிக் கச்சேரி, வாசல் பதிவேடு' என்று ஒரு வரி இருந்தால் போதும். 'எங்கள் முகவரி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?' என்று யாராவது கேட்டால் நேராகப் பதில் சொல்ல முடியும்.

பிறகு இயந்திரத்தனமான வேலை. முகவரிகளை எல்லாம் சிறிய எழுத்துக்கு மாற்றுங்கள். முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளிகளை நீக்குங்கள். எக்செலில் 'ட்ரிம்' சூத்திரம் இதைச் செய்யும். ஆனால் இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டும்போது வருகிற ஒருவகை இடைவெளியை அது தொடாது. அந்த இடைவெளியை நகலெடுத்து, 'கண்டறிந்து மாற்று' வசதியில் கொடுத்து நீக்க வேண்டும். ஜிமெயில் முகவரிகளில் '@' குறிக்கு முன்னால் வரும் புள்ளிகளுக்கு மதிப்பில்லை. புள்ளி வைத்தும் வைக்காமலும் இரண்டு வரிசைகளில் இருந்தால் இரண்டும் ஒரே பெட்டிக்குத்தான் போகின்றன.

'@' குறிக்குப் பின்னால் வருவதை மட்டும் தனி நெடுவரிசையாகப் பிரித்து அகரவரிசையில் அடுக்கிப் பாருங்கள். எழுத்து மாறிப்போன ஜிமெயில்களும், 'காம்' என்பதில் கடைசி எழுத்து விட்டுப்போனவையும் தனித்தனியாகத் தலைகாட்டும். பார்வையிலேயே திருத்திவிடலாம். எங்களைப் போன்ற பழைய சபாக்களில் இன்னொரு கூட்டமும் தென்படும். 1995 ஆகஸ்ட் 15 அன்று, அப்போது அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியது. அந்தக் காலத்தில் சென்னைக்காரர்கள் வாங்கிய, 'எம்டி2' என்றெல்லாம் வரும் விஎஸ்என்எல் முகவரிகள் அவை. இவற்றுக்கு மின்னஞ்சல் அனுப்பிச் சோதிக்க வேண்டாம், தொலைபேசியில் கூப்பிடுங்கள். கைவிடப்பட்ட பழைய முகவரிகள் சில, கேட்காமல் அனுப்புகிறவர்களைப் பிடிப்பதற்கான பொறிகளாகவும் பயன்படுத்தப்படுகின்றன.

நம் ஊரில் தனிக் கவனம் கேட்பவை பெயர்கள். பெரும்பாலான மென்பொருள்கள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் வைத்திருக்கின்றன. நம்மவர்களுக்கு இருப்பது பெயரும் இனிஷியலும்தான். எஸ். சுப்ரமணியன் என்பவர் இனிஷியலை முதல் கட்டத்தில் போட்டுவிட்டால், அவருக்குப் போகும் கடிதம் 'அன்புள்ள எஸ்' என்று தொடங்கும். எண்பது வயது ரசிகருக்கு அப்படி ஒரு கடிதம் போவது எனக்குப் பொறுக்காது. அதற்காகவே 'விளிக்கும் பெயர்' என்று ஒரு நெடுவரிசை வைத்திருக்கிறேன். 'சுப்ரமணியன் சார்', 'லலிதா மாமி' என்று, நேரில் எப்படிக் கூப்பிடுவோமோ அப்படியே அதில் இருக்கும். கடிதம் அந்த நெடுவரிசையிலிருந்துதான் பெயரை எடுக்கும்.

பெயரை வைத்து மட்டும் ஒருபோதும் இரண்டு வரிசைகளை இணைக்காதீர்கள். ஒரே இனிஷியலோடு சுப்ரமணியன்கள் பலர் இருப்பார்கள். ஒரே சுப்ரமணியனின் பெயர் ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும். முகவரி பொருந்துகிறதா, கைபேசி எண் பொருந்துகிறதா என்று பார்த்த பின்பே இணைக்க வேண்டும். முகவரி பொருந்தினாலும் ஒரு சிக்கல் உண்டு. கணவனும் மனைவியும் ஒரே மின்னஞ்சலை வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். 'இரட்டைப் பதிவுகளை நீக்கு' என்ற பொத்தானை முகவரியை மட்டும் வைத்து அழுத்தினால் கீழே இருக்கும் வரிசை போய்விடும். பெரும்பாலும் அது மனைவியுடையது. அவர் தனிச் சந்தா கட்டும் உறுப்பினர். உறுப்பினர் பட்டியல் வேறு, அனுப்பும் பட்டியல் வேறு என்று இரண்டு தாள்களாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. அனுப்பும் பட்டியலில் அந்த முகவரி ஒருமுறைதான் இருக்கும். விளிக்கும் பெயரில் இருவரும் இருப்பார்கள்.

பிழைகள் பெரும்பாலும் பிறப்பது அரங்க வாசலில் கிடக்கும் பதிவேட்டில்தான். கச்சேரி தொடங்கும் அவசரத்தில் பேனாவால் எழுதிய ஆங்கில எழுத்துகளில் 'எல்' எது, 1 எது என்று தெரியாது. 'ஆர்', 'என்' இரண்டும் நெருங்கி நின்றால் 'எம்' ஆகிவிடும். அடிக்கோடா, நடுக்கோடா என்பது எழுதியவருக்கு மட்டுமே வெளிச்சம். வீட்டுக்குப் போய் உருப்பெருக்கி வைத்துப் பார்ப்பதைவிட, அவர் மேசை முன்னால் நிற்கும்போதே கைபேசியில் தட்டச்சு செய்து, ஒரு வரவேற்புக் கடிதத்தை அப்போதே அனுப்பிவிடுங்கள். 'வந்துவிட்டதா சார், பாருங்கள்' என்று கேட்டுவிட்டால் முகவரியும் உறுதியாகிறது, தேதியும் கிடைக்கிறது. கைபேசியில் மின்னஞ்சல் வைத்திராதவர்களுக்கு ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கூட்டம் அதிகமான நாட்களில் கியூஆர் குறியீடு ஒட்டி, அவர்களையே படிவத்தில் நிரப்பச் சொல்லலாம். ஆனால் எங்கள் ரசிகர்களில் பாதிப் பேருக்கு மேசையில் ஒரு ஆள் இருப்பதுதான் வசதி.

திரும்பி வரும் கடிதங்களைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். அதில் ஒரு எண் இருக்கும். 5.1.1 என்றால் அப்படி ஒரு பெட்டியே இல்லை. எழுத்துப் பிழையா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் முதல் முறையிலேயே எடுத்துவிடுங்கள். 4 என்று தொடங்கினால் தற்காலிகத் தடை, விட்டுப் பிடிக்கலாம். 4.2.2, 5.2.2 என்பவை பெட்டி நிரம்பியதைக் குறிக்கும். ஜிமெயிலில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தைப் புகைப்படங்களும் சேர்ந்தே பங்குபோட்டுக்கொள்கின்றன. பேரக்குழந்தைகளின் வீடியோக்களால் நிரம்பிய பெட்டிகள் எங்கள் பட்டியலில் நிறைய உண்டு. ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்கிற விஷயம் அது. 5.7 என்று தொடங்குபவை வேறு ரகம். அங்கே பெரும்பாலும் அனுப்பும் நம் பக்கத்தில்தான் குறை இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ரசிகரின் பெயரை நீக்கக் கூடாது.

சரியாக இருந்த முகவரியும் காலப்போக்கில் செத்துப்போகும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் நீக்கத் தொடங்கியிருக்கிறது. 2024 பிப்ரவரியில், ஜிமெயிலுக்கு அனுப்புகிற எல்லோரும், கடிதம் உண்மையில் தங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் என்ற அடையாளச் சான்றை வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும், கூடவே, அந்தச் சான்று பொருந்தாத கடிதங்களை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் அறிவிப்பும் வேண்டும். 'ஸ்பேம்' என்று புகார் செய்கிறவர்களின் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. நம் சபா அவ்வளவு பெரியதல்ல என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். வேண்டாதவர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால், வேண்டியவர்களுக்குப் போவதும் குப்பைப் பெட்டியில் விழும்.

கடிதத்தைத் திறக்கவே இல்லை என்று மென்பொருள் சொல்கிறவர்களை உடனே நீக்காதீர்கள். மென்பொருள் தரும் அந்த எண்ணிக்கை நம்பத்தக்கதல்ல. கடிதத்துக்குள் இருக்கும் ஒரு சிறு படம் இறங்குகிறதா என்பதை வைத்தே அது கணக்கிடுகிறது. 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த ஒரு வசதி, படிக்காத கடிதத்தையும் படித்ததாகக் காட்டும். படங்களைத் தடுத்து வைத்திருப்பவர் படித்தாலும் படித்ததாகத் தெரியாது. அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்துவிட்டு டிசம்பருக்கு மட்டும் சென்னை வருகிறவர்கள் பத்து மாதம் மௌனமாக இருப்பார்கள். அவர்களுக்குத் தனிக் குறி போட்டுவிடுங்கள். மற்றவர்களிடம் 'தொடர்ந்து அனுப்பலாமா?' என்று ஒரு வரியில் கேளுங்கள். இன்னொரு முறை கேட்டும் பதில் இல்லையென்றால் ஒதுக்கிவைக்கலாம்.

'வேண்டாம்' என்று சொன்னவரின் வரிசையை அழித்துவிடுவது பலரும் செய்வது. அழித்தால், அடுத்த ஆண்டு யாராவது பழைய கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்கும்போது அவர் மறுபடி உள்ளே வந்துவிடுவார். அதனால் முகவரியை மட்டும் 'அனுப்பக் கூடாதவை' என்ற தனித் தாளுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு முறை அனுப்பும் முன்பும் அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலமானவர்களின் முகவரிகளும் அந்தத் தாளில்தான் இருக்க வேண்டும். 'அப்பா ஏப்ரலில் தவறிவிட்டார்' என்று மகளிடமிருந்து பதில் வந்தால், அன்றே கையால் ஒரு அனுதாபக் கடிதம் எழுதுகிறேன். அன்றே தாளை மாற்றுகிறேன். 'உங்கள் சந்தா பாக்கி' என்று இன்னொரு கடிதம் அந்த வீட்டுக்குப் போகக் கூடாது.

வேறு அமைப்புகள் பட்டியலைக் கேட்டால் கொடுக்காதீர்கள், எவ்வளவு வேண்டியவர்கள் கேட்டாலும் சரி. ரசிகர் சம்மதித்தது உங்கள் கச்சேரி அறிவிப்புக்கு மட்டுமே. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் குறிப்பிட்ட நோக்கத்துக்கு உரியது, கொடுத்தது போலவே எளிதாகத் திரும்பப் பெற முடிய வேண்டும் என்கிறது.

சரிசெய்த பட்டியலுக்கு முதல் கடிதத்தை மொத்தமாக அனுப்ப வேண்டாம். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுப்ப முடியும். கையால் அனுப்புகிறவர்கள் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி, முகவரிகளை மறைநகல் (பிசிசி) கட்டத்தில் மட்டும் போடுங்கள். முதலில் உறுப்பினர்கள், மறுநாள் வாசல் பதிவேட்டில் சேர்ந்தவர்கள், அதன் பிறகு மற்றவர்கள். ஒவ்வொரு நாளும் திரும்பி வந்தவற்றை அன்று மாலையே தாளில் ஏற்றிவிட்டு, அதன் பிறகு அடுத்த தொகுதிக்குப் போங்கள்.