ஸ்டாப் லாஸிலிருந்து தொடங்குங்கள்: குறுகிய கால ஃப்யூச்சர்ஸ் வணிகம், படிப்படியாக

தருமபுரி நான்கு ரோடு அருகிலுள்ள அரசு பட்டுக்கூடு அங்காடியின் ஏல நிலவரம் நாளிதழ்களில் மூன்று எண்களாக வரும்: கிலோவுக்கு அதிகபட்ச விலை, குறைந்தபட்ச விலை, சராசரி விலை. பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வருவதற்குள் விற்றே ஆகவேண்டும் என்பதால், கூடு கொண்டுவரும் விவசாயி அன்றைய விலைக்குக் கட்டுப்பட்டவர். ஒரு பொருளையோ குறியீட்டையோ பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்தான் ஃப்யூச்சர்ஸ்; அதில் வணிகம் செய்பவருக்கு அந்த நெருக்கடி இல்லை. இன்றைய விலைப்போக்கு பிடிபடவில்லையென்றால் கணினியை மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். இந்த வசதியைப் பயன்படுத்தாமல், தினமும் ஏதாவது வாங்கியோ விற்றோ ஆகவேண்டும் என்று நினைப்பவர்களே அதிகம். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குச்சந்தையின் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தார்கள் என்றும், அந்த நட்டம் மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்றும் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் தெரிவித்தது.

எங்கே வாங்குவது என்பதிலிருந்துதான் பெரும்பாலும் பாடம் தொடங்கும். இங்கே எங்கே வெளியேறுவது என்பதிலிருந்து தொடங்குகிறேன். விலை எதிராக நகர்ந்து, முன்பே குறித்த இடத்தைத் தொட்டால் வெளியேற்றும் ஆணைதான் ஸ்டாப் லாஸ்.

முதல் படி: உங்கள் பணத்துக்கு ஏற்ற ஒப்பந்தம்

உங்களிடம் 50,000 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வணிகத்தில் அதில் ஒரு விழுக்காட்டுக்கு மேல், அதாவது 500 ரூபாய்க்கு மேல் இழக்கக்கூடாது என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இனி ஒப்பந்தத்தின் அளவைப் பாருங்கள். ஐம்பது முன்னணிப் பங்குகளின் குறியீடான நிஃப்டியின் ஃப்யூச்சர்ஸில் 75 ஆக இருந்த லாட் (ஓர் ஒப்பந்தத்தில் அடங்கும் அளவு) 2026 ஜனவரித் தொடரிலிருந்து 65 ஆனது. குறியீடு 40 புள்ளி எதிராக நகர்ந்தாலே நட்டம் 2,600 ரூபாய். நிஃப்டி 40 புள்ளி நகர்வதற்குப் பல நாட்களில் ஒரு தேநீர் குடிக்கும் நேரம் போதும். குறியீடு 25,000-இல் இருந்தால் ஒப்பந்த மதிப்பு 16.25 லட்சம் ரூபாய். அதற்கான மார்ஜினுக்கே (ஒப்பந்தம் எடுக்கக் கட்டவேண்டிய முன்பணம்) உங்கள் 50,000 போதாது. ஆக, இந்தத் தொகைக்கு நிஃப்டி ஃப்யூச்சர்ஸ் பார்த்துப் பழகுவதற்கு மட்டுமே.

எண்ணெய், உலோகம் போன்ற சரக்குகளுக்கான எம்சிஎக்ஸ் சந்தையில் சிறிய ஒப்பந்தங்கள் உள்ளன. கச்சா எண்ணெயின் பெரிய லாட் 100 பீப்பாய். மினி லாட் 10 பீப்பாய். வெள்ளி மைக்ரோ ஒரு கிலோ. கச்சா எண்ணெய் மினியில் ஒரு ரூபாய் நகர்வு என்பது உங்கள் கணக்கில் 10 ரூபாய். இதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மஞ்சள் நம் பக்கத்துப் பயிர்தானே, விளைபொருள் சந்தையான என்சிடெக்ஸில் அதையே செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அந்த லாட் 5 டன் என்பதால், குவிண்டாலுக்கு 100 ரூபாய் மாறினாலே 5,000 ரூபாய் போய்விடும். பயிரைத் தெரிந்திருப்பது ஒப்பந்த அளவைச் சிறிதாக்காது.

இரண்டாம் படி: கடிகாரம்

தேசியப் பங்குச்சந்தை காலை 9.15 முதல் மாலை 3.30 வரை இயங்குகிறது. எம்சிஎக்ஸில் உலோகங்களும் எரிபொருளும் காலை 9 மணிக்குத் தொடங்கி, அமெரிக்காவின் கோடைக்கால நேரத்தில் இரவு 11.30 வரையும் மற்ற மாதங்களில் 11.55 வரையும் நடக்கின்றன. கச்சா எண்ணெயின் விலை நியூயார்க் சந்தையைப் பின்பற்றுவதால், பகலில் அது பெரும்பாலும் சோம்பிக் கிடந்து, மாலை ஆறு ஏழு மணிக்குமேல்தான் உயிர்பெறும். பகல் முழுவதும் வேலைக்குச் சென்று வீடு திரும்புபவருக்கு இது வசதியான நேரம்.

ஒரு நேரத்தை மட்டும் சிவப்பு மையில் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் வழக்கமாகப் புதன்கிழமைகளில் எண்ணெய்க் கையிருப்பை வெளியிடும். அது நமக்குக் கோடையில் இரவு 8 மணி, குளிர்காலத்தில் 9 மணி. திங்கட்கிழமை அங்கே விடுமுறையென்றால் அறிவிப்பு வியாழனுக்குத் தள்ளிப்போகும். அந்த நிமிடத்தில் விலை பாய்ந்து நகரும், உங்கள் ஸ்டாப் லாஸ் குறித்த விலையில் நிறைவேறாமல் அதைத் தாண்டியும் நிறைவேறலாம். எனவே அறிவிப்புக்கு முந்தைய அரை மணி நேரத்தில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம், கையில் இருப்பதையும் முடித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: வரைபடத்தில் நான்கே கோடுகள்

பட்டுக்கூடு நிலவரத்தில் அதிகபட்சமும் குறைந்தபட்சமும் இருக்கும், ஏலம் எந்த விலையில் தொடங்கி எதில் முடிந்தது என்பது இருக்காது. விலை வரைபடத்தில் ஒரு குறிப்பிட்ட நேரத்தைக் காட்டும் கேண்டில் என்ற சிறு கட்டம் அந்தக் குறையைத் தீர்க்கிறது. தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு என்ற நான்கு விலைகளும் அதில் உண்டு. அவற்றுள் முடிவு விலைக்கே அதிக மதிப்புக் கொடுங்கள். உச்சம் என்பது யாரோ ஒருவர் அவசரத்தில் கொடுத்த விலையாகவும் இருக்கலாம்.

ஒவ்வொரு கேண்டிலும் 15 நிமிடத்தைக் காட்டும் வரைபடத்தைத் திறந்து, நேற்றைய உச்சம், நேற்றைய தாழ்வு, இன்று மாலை ஆறு மணிவரையிலான உச்சம், தாழ்வு ஆகிய நான்குக்கும் கிடைக்கோடு இழுங்கள். துணைக்கு, கடைசி 20 கேண்டில்களின் முடிவு விலைகளைச் சராசரியாக்கும் நகரும் சராசரி ஒன்று போதும். பிலிகுண்டுலுவில் நீர்வரத்து உயர்ந்த பிறகுதான் மேட்டூரில் மட்டம் ஏறுவதுபோல, நகரும் சராசரியும் விலை நகர்ந்த பின்னரே திரும்பும். திசையைச் சரிபார்க்க அது உதவும், நேரத்தைச் சொல்லாது. விலை சராசரிக்கு மேல் இருந்தால் வாங்கும் வாய்ப்பை மட்டும் தேடுங்கள், கீழே இருந்தால் விற்கும் வாய்ப்பை மட்டும் (ஃப்யூச்சர்ஸில் முதலில் விற்றுவிட்டுப் பிறகு வாங்கியும் முடிக்கலாம்).

நான்காம் படி: நுழைவதற்கு முன் கணக்கு

எண்கள் கற்பனையே. கச்சா எண்ணெயின் நேற்றைய உச்சம் பீப்பாய்க்கு 5,640 ரூபாய். மாலை 6.45-க்கு முடிந்த கேண்டில் அதைத் தாண்டி 5,652-இல் முடிகிறது. இங்கே வாங்கத் தோன்றும், வாங்காதீர்கள். அடுத்த கேண்டில் 5,636 வரை இறங்கித் திரும்பி, 5,641-இல் முடிகிறது. அதற்கடுத்தது 5,655-இல் முடிகிறது. நேற்று தடையாக இருந்த இடம் இன்று தாங்குகிறது என்பதற்கு இதுவே சான்று. இப்போது 5,656-இல் வாங்கலாம் என்று நினைக்கிறீர்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன் காகிதத்தை எடுங்கள்.

உங்கள் எண்ணம் தவறு என்று எந்த விலை சொல்லும்? இறங்கித் திரும்பிய தாழ்வான 5,636-க்குக் கீழே விலை போனால். சற்று இடம் விட்டு ஸ்டாப் லாஸை 5,630-இல் வைப்போம். தூரம் 26 ரூபாய். ஒரு மினி லாட்டுக்கு 260 ரூபாய். வெல்ஸ் வைல்டர் 1978-இல் அறிமுகப்படுத்திய ஏடிஆர் என்ற அளவு, ஒரு கேண்டில் சராசரியாக எவ்வளவு அலைகிறது என்பதைக் காட்டும். அது 16 என்று காட்டினால், 26 ரூபாய்த் தூரம் நியாயமானது. 10 ரூபாயில் ஸ்டாப் வைத்திருந்தால், சந்தையின் சாதாரண அசைவே உங்களை வெளியே தள்ளிவிடும்.

அடுத்து இலக்கு. 5,700 என்ற முழு எண்ணில் விற்பவர்கள் காத்திருப்பது வழக்கமாதலால், 5,698-இல் வெளியேற முடிவு செய்வோம். 42 ரூபாய், அதாவது 420 ரூபாய் ஆதாயம். 260-ஐப் பணயம் வைத்து 420 என்றால் நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் ஆணைக்கு 20 ரூபாய் வாங்கும் தரகரிடம் இருமுறைக்கு 40, அதன்மேல் ஜிஎஸ்டி, விற்கும்போது சிடிடி (சரக்குப் பரிவர்த்தனை வரி), சந்தைக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 55 ரூபாய் போகும். உண்மையான பணயம் 315, உண்மையான ஆதாயம் 365. இந்த விகிதத்தில் நூற்றுக்கு 47 முறையாவது சரியாக இருந்தால்தான் கையில் ஏதாவது நிற்கும். பத்தில் நான்கு முறை வென்றாலே போதும் என்று சொல்பவர்கள், பெரும்பாலும் இந்தக் கட்டணத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டு லாட் வாங்கலாமா? 520 ரூபாயும் அதற்கான கட்டணமும் சேர்ந்து 500 என்ற வரம்பைத் தாண்டுகிறது. ஆகவே ஒன்றுதான். ஒரே லாட்டுக்கே கணக்கு 500-ஐத் தாண்டினால், ஸ்டாப்பை நெருக்கி வைத்துக் கணக்கைச் சரிக்கட்டாமல், அந்த வாய்ப்பையே விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: ஸ்டாப் லாஸ் மனதில் அல்ல, சந்தையில்

வாங்கிய ஆணை நிறைவேறியவுடன், வேறெதுவும் செய்வதற்கு முன் ஸ்டாப் லாஸ் ஆணையை இடுங்கள். தொடக்கத்தில் நான் அதை மனதில் மட்டும் வைத்திருப்பேன். ஒரு மாலை பென்னாகரத்தில் உறவினர் வீட்டில் இருந்தபோது இடி மழையில் மின்சாரமும் கைபேசி இணைப்பும் சேர்ந்தே போயின. ஒன்றரை மணி நேரம் கழித்து இணைப்பு வந்தபோது, என் மனதில் இருந்த விலையை எண்ணெய் என்றைக்கோ கடந்திருந்தது. அன்று இழந்தது, திட்டமிட்டிருந்ததைப் போல ஐந்து மடங்கு.

சந்தையில் இட்ட ஆணையும் எல்லா நேரத்திலும் காப்பாற்றாது. 2020 ஏப்ரல் 20 அன்று, ஊரடங்கால் எம்சிஎக்ஸ் மாலை 5 மணிக்கே மூடப்பட்டிருந்தது. அன்றிரவு நியூயார்க்கில் மே மாதக் கச்சா எண்ணெய் ஒப்பந்தம் சுழியத்துக்கும் கீழே விழுந்து, மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. இங்கே ஏப்ரல் ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 2,884 ரூபாயில் தீர்க்கப்பட்டது. விலை மலிந்துவிட்டது என்று கடைசி நேரத்தில் வாங்கியவர்கள், போட்ட பணத்தை மட்டுமல்லாமல் அதற்கு மேலும் கொடுக்க நேர்ந்தது. எனவே முடிவு நாள் நெருங்கும் ஒப்பந்தத்தில் தொடக்கநிலையாளர் இருக்கவே கூடாது. அடுத்த மாதத் தொடருக்கு மாறிவிட வேண்டும். தங்கம், வெள்ளி போன்ற சரக்கு ஒப்படைப்பு உள்ள ஒப்பந்தங்களில், டெண்டர் காலம் (சரக்கை ஒப்படைக்க முன்வரும் கடைசி நாட்கள்) தொடங்கும் முன்பே வெளியேறிவிடுங்கள்.

குறியீட்டிலும் இரவைக் கடப்பது தனி ஆபத்து. 2024 ஜூன் 3 அன்று நிஃப்டி மூன்று விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. மறுநாள் தேர்தல் முடிவு வெளியானபோது ஏறத்தாழ ஆறு விழுக்காடு சரிந்தது. முதல் நாள் மாலை வரைபடத்தில் அந்தச் சரிவுக்கான எந்த அடையாளமும் இல்லை.

ஆறாம் படி: நாற்பது பக்க நோட்டு

முதல் 30 வணிகங்களைப் பணமில்லாமல் நோட்டில் மட்டும் செய்யுங்கள். நேரம், நுழைவு, ஸ்டாப், இலக்கு ஆகியவற்றை நுழைவதற்கு முன்பே எழுதுங்கள்; கட்டணமாக ஒவ்வொன்றுக்கும் 55 ரூபாயைக் கழியுங்கள். வணிகம் செய்யாமல் விட்ட மாலைகளையும், ஏன் விட்டீர்கள் என்ற ஒரு வரியோடு குறியுங்கள். முப்பதாவது வரியை எழுதி முடித்ததும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை மைனஸில் இருந்தால் இன்னொரு நோட்டு வாங்குங்கள், 20 ரூபாய்தான்.