வால் மேரியில் ஓர் அந்தியைத் திட்டமிடுவது எப்படி?

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில், அமெரிக்க எல்லைக்கு வடக்கே முப்பது கிலோமீட்டருக்குள், நூற்றுச் சொச்சம் பேர் வாழும் வால் மேரி என்ற சிற்றூர் இருக்கிறது. அருகிலுள்ள கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா 2009இல் இருள்வானக் காப்பிடமாக, அதாவது செயற்கை ஒளியைக் கட்டுப்படுத்தி இரவு வானத்தின் இருளைக் காக்கும் இடமாக, அறிவிக்கப்பட்டது. நட்சத்திரம் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் இருட்டிய பிறகே விடுதியை விட்டுக் கிளம்புகிறார்கள். அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான் இந்தப் புல்வெளி தரும் பெரிய காட்சி என்பது என் உறுதியான எண்ணம். அந்த இரண்டு மணி நேரத்தில் எங்கே நிற்பது, எந்தத் திசையைப் பார்ப்பது, எப்போது எதை எதிர்பார்ப்பது என்பவற்றை மட்டுமே இங்கே எழுதுகிறேன். படம் எடுக்கும் நுட்பங்களுக்குள் போகவில்லை.

முதற்படி: நில அளவைக் கட்டங்களைப் படியுங்கள்

1871இல் தொடங்கிய நில அளவையின்படி, கனடாவின் மேற்குச் சமவெளி ஒரு மைல் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு சதுரம் 640 ஏக்கர். அப்படி 36 சதுரங்கள் சேர்ந்தது ஒரு டவுன்ஷிப். சஸ்காட்சுவானின் பெரும்பகுதியில் வடக்கு தெற்காகச் செல்லும் சாலைக்கென ஒவ்வொரு மைலுக்கும், கிழக்கு மேற்காகச் செல்லும் சாலைக்கென இரண்டு மைலுக்கு ஒரு முறையும் 66 அடி அகல நிலம் ஒதுக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் கிரிட் ரோடு என்று சொல்லும் சரளைச் சாலைகள் இப்படி வந்தவைதான். மேய்ச்சல் நிலம் மிகுந்த இந்தப் பக்கத்தில் ஒதுக்கிய இடங்கள் பலவற்றில் சாலையே போடப்படவில்லை என்பதால், வரைபடத்தில் கோடு இருப்பதை மட்டும் நம்பி வண்டியைத் திருப்பாதீர்கள்.

திசை அறிய, கைபேசியிலுள்ள திசைகாட்டியைவிட இந்தச் சாலைகளையே நான் நம்புவேன். வால் மேரிப் பகுதியில் காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ 10 பாகை கிழக்கே விலகி நிற்கும். நேரான கிரிட் ரோடோ விலகுவதில்லை. மார்ச், செப்டம்பர் மாதங்களின் சமபகல் நாள்களில், கிழக்கு மேற்குச் சாலையின் முடிவிலேயே சூரியன் இறங்குவதைக் காணலாம். அப்போது மேற்கு நோக்கி வண்டி ஓட்டுபவருக்குக் கண் கூசி எதுவும் தெரியாது. ஆகவே சாலை நடுவில் நிற்காமல் ஓரப் புல்லில் நில்லுங்கள். ஊருக்குள் உள்ள தெருக்களுக்கு இந்த விதி பொருந்தும் என்று எண்ண வேண்டாம். இரயில் நிறுவனங்கள் அமைத்த பல சமவெளி ஊர்களில் தெருக்கள் தண்டவாளத்தின் சாய்வையே பின்பற்றுகின்றன.

இரண்டாம் படி: கடிகாரத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சஸ்காட்சுவானின் பெரும்பகுதி ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகிறது. கோடையில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. அந்த நேரம் மேற்குத் தீர்க்கரேகை 90 பாகைக்கு உரியது. வால் மேரியோ ஏறக்குறைய 107.7 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால், கடிகாரம் சூரியனை விட 70 நிமிடத்துக்கும் மேலாக முந்திச் செல்கிறது. இங்கே உச்சிப்பொழுது 12 மணிக்கு வராமல் பிற்பகல் 1.10ஐ ஒட்டி வருவது இதனால்தான்.

இதன் விளைவாக, ஜூன் 21ஐ ஒட்டிச் சூரியன் இரவு சுமார் 9.20க்கு மறைகிறது, டிசம்பர் 21ஐ ஒட்டி மாலை சுமார் 5.15க்கு. மறையும் இடமும் அதே அளவு நகர்கிறது: ஜூனில் நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 38 பாகை வடக்கே, டிசம்பரில் ஏறத்தாழ அதே அளவு தெற்கே. கை நீட்டிப் பிடித்த முட்டியின் அகலம் சுமார் 10 பாகை என்பதால், நான்கு முட்டிகளை அடுக்கினால் அந்த இடத்தைக் கண்டுவிடலாம். துல்லியமான நேரத்துக்கு அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் (NOAA) சூரியக் கணிப்பான் போதும். கட்டணச் செயலிகள் எதுவும் தேவையில்லை.

மூன்றாம் படி: பள்ளத்தாக்கை விட்டு மேலேறுங்கள்

சமவெளி என்றால் எங்கும் தட்டை என்று எண்ணிவிடக் கூடாது. வால் மேரி பிரெஞ்ச்மன் ஆற்றின் பள்ளத்தாக்கில் அமைந்திருக்கிறது. கணிப்பான் தரும் நேரம் தடையற்ற அடிவானத்துக்கு உரியது. ஊருக்குள் நிற்பவருக்கு மேட்டு விளிம்பு குறுக்கிடுவதால் சூரியன் முன்கூட்டியே மறைந்துவிடும்.

ஊருக்குள்ளேயே இருந்தால், அங்கே இன்னும் நிற்கும் மரத்தாலான தானிய எலிவேட்டரை, அதாவது தானியம் சேமிக்கும் உயரமான கட்டடத்தை, பாருங்கள். தெரு நிழலில் மூழ்கிய பிறகும் அதன் உச்சிப் பலகைகளில் செம்பொன் வெயில் தங்கியிருக்கும். நிழலின் விளிம்பு பலகை பலகையாக மேலேறுவதைக் கண்ணாலேயே பின்தொடரலாம். முழு அடிவானமும் வேண்டுமென்றால் சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே பள்ளத்தாக்கின் மேல்விளிம்புக்குப் போய்விடுங்கள். ஊருக்குத் தெற்கே உள்ள 70 மைல் பியூட் குன்று நல்ல இடம்தான். ஆனால் இருட்டில் இறங்க வேண்டியிருக்கும் என்பதால், முதல் முறை வருபவர்களுக்கு வண்டியிலேயே சென்று நிற்கக்கூடிய மேட்டைத்தான் பரிந்துரைப்பேன்.

நான்காம் படி: சூரியன் மறைந்ததும் கிழக்கே திரும்புங்கள்

அடுத்த கால் மணி நேரம் கிழக்குக்கு உரியது. அடிவானத்தை ஒட்டி நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை எழும்பும்; அது வளிமண்டலத்தின் மேல் விழும் பூமியின் சொந்த நிழல். அதன் மேல் இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டை தெரியும். மரமோ மலையோ மறைக்காத இந்த நிலத்தில் அந்த நிழலின் வளைவு வடக்கிலிருந்து தெற்கு வரை முழுதாகத் தெரிகிறது. இதைப் பார்க்காமல் வண்டிக்குத் திரும்புபவர்களைக் கண்டால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

ஐந்தாம் படி: இருட்டுக்காகக் காத்திருங்கள்

சமபகல் நாளில், சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை கீழே செல்ல 32 நிமிடமும், 12 பாகை செல்ல 70 நிமிடமும், 18 பாகை செல்ல ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும் ஆகும். கடைசியாகச் சொன்னதே முழு இருள். இந்த அட்சரேகையில் சூரியன் சாய்வாக இறங்குவதுதான் தாமதத்துக்குக் காரணம். ஜூனில் நிலைமை வேறு: நள்ளிரவிலும் சூரியன் 17 பாகை சொச்சம்தான் கீழே செல்கிறது. எனவே ஜூன் முதல் வார இறுதியிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதம் வரை முழு இருள் வருவதே இல்லை. பால்வழியைக் காண்பதே நோக்கம் என்றால் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வாருங்கள். வெள்ளை விளக்கைத் தவிர்த்துச் சிவப்பு விளக்கு மட்டும் கொண்டுவாருங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் சென்றவர்கள் எழுதியவற்றிலிருந்து மூன்று செய்திகளைச் சேர்க்கிறேன். ஜூன் இரவில் வடக்கு அடிவானத்தில் தெரியும் வெளிச்சம் 120 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் ஸ்விஃப்ட் கரண்ட் நகரத்தின் ஒளியா என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த வெளிச்சம் வடமேற்கிலிருந்து வடகிழக்குக்கு மெல்ல நகர்ந்தால் அது சூரியனுடையது. நகரத்தின் ஒளி இருந்த இடத்திலேயே இருக்கும். எல்லையோரத்தில் கைபேசி மொன்டானா மாநிலத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டால், குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் குறைவாகக் காட்டும். நேரத்தைக் கையால் பொருத்திவிடுங்கள். வெயிலின் சூடு தங்கிய சாலையில் அந்தி வேளையில் இப்பகுதிக்குரிய கிலுகிலுப்பைப் பாம்பு வந்து படுத்திருக்கக்கூடும் என்பதால், வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன் காலடி நிலத்தை விளக்கால் ஒருமுறை பாருங்கள்.