ஹூக்கை மாட்டும் முன்: விழாமல் காப்பதும், தொங்குபவரை இறக்குவதும்

உயரத்தில் வேலை செய்யும்போது ஹார்னஸ் (உடம்பைச் சுற்றிக் கட்டும் பாதுகாப்பு நாடாக்கள்) போட்டவர் தவறி விழுந்தால் தரையில் மோதாமல் அந்தரத்தில் தொங்குவார். பல வேலை இடங்களில் பாதுகாப்பு ஏற்பாடு அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. அவரை யார் இறக்குவது, எதைக் கொண்டு, எத்தனை நிமிடத்தில்? இதற்குப் பதில் எழுத்தில் இல்லையென்றால் அன்று யாரும் மேலே ஏற வேண்டாம். தீயணைப்புத் துறைக்குப் போன் செய்யத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் வந்து சேரும்வரை தொங்குபவரின் உடம்பு தாங்காமல் போகலாம்.

அதற்கு முன் ஒன்று: அந்த வேலையைத் தரையிலேயே முடிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் கைப்பிடித் தடுப்பு. அதற்கும் வழியில்லையென்றால், விளிம்பைத் தொடவே முடியாத அளவுக்குக் குட்டையான கயிறு. விளிம்பை எட்ட முடியாதவர் விழ மாட்டார், அவரை மீட்கவும் தேவையிருக்காது. இவை எதுவும் ஆகாத இடத்தில்தான் விழுந்தவரைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு.

ஹார்னஸ்

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. விழுந்து நிற்கும் விசை முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும்; ஆள் பெல்ட்டிலிருந்து நழுவியும் போகலாம். அமெரிக்காவில் விழுவதைத் தடுத்து நிறுத்தும் வேலைக்கு அதை 1998 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள்.

முழு உடல் ஹார்னஸை முதுகில் உள்ள டி-ரிங்கை (D வடிவ உலோக வளையம்) பிடித்துத் தூக்கி ஒரு உதறு உதறுங்கள். நாடாக்கள் சிக்கு விட்டுத் தொங்கும். பிறகு ஒவ்வொரு நாடாவையும் இரண்டு கையாலும் பிடித்து வில்லாக வளைத்து, விரலை ஓட்டிப் பாருங்கள். தட்டையாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத வெட்டும் அறுந்த இழையும் வளைவின் மேற்புறத்தில் வாய் திறக்கும். வெல்டிங் பொறி பட்ட இடம் சிறு மணி போலக் கெட்டியாகத் தட்டுப்படும். வெயிலில் நைந்த நாடா நிறம் வெளுத்து, தொட்டால் மொரமொரக்கும். தையல் நூல் பிரிந்திருந்தாலோ, லேபிளைப் படிக்க முடியாவிட்டாலோ ஒதுக்கிவிடுங்கள். ஹார்னஸில் ஊசி நூல் எடுத்துத் தைக்கும் வேலை கிடையாது.

போட்ட பிறகு டி-ரிங் இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டும். கீழே இறங்கியிருந்தால் தொங்கும்போது உடல் முன்பக்கம் கவிழும். நெஞ்சுப் பட்டி நடு நெஞ்சில். தொடைப் பட்டிக்குள் விரித்த உள்ளங்கை நுழைய வேண்டும், மூடிய முஷ்டி நுழையக் கூடாது. ஹெல்மெட்டுக்குத் தாடைப் பட்டி கட்டாயம். அது இல்லையென்றால் ஆளுக்கு முன்னால் ஹெல்மெட் கீழே போய்விடும்.

லேன்யார்டும் கீழே உள்ள இடமும்

லேன்யார்டு என்பது ஹார்னஸை ஆங்கரோடு, அதாவது கட்டடத்தில் உள்ள உறுதியான பிடிமானத்தோடு, நுனி ஹூக்கால் இணைக்கும் நாடா. அப்சார்பர் என்பது விழும்போது கிழிந்து அதிர்ச்சியை உறிஞ்சும் அதன் பகுதி. அதிகம் கணக்குத் தப்புவது இங்கேதான். ஐரோப்பியத் தரத்தில் அப்சார்பரோடு சேர்த்து லேன்யார்டின் நீளம் அதிகபட்சம் 2 மீட்டர். விழும்போது அப்சார்பர் கிழிந்து 1.75 மீட்டர் வரை நீளலாம். டி-ரிங்கிலிருந்து பாதம் வரை சுமார் 1.5 மீட்டர். பாதத்துக்கும் தரைக்கும் இடையே 1 மீட்டராவது மிச்சம் வேண்டும். கூட்டினால் 6.25 மீட்டர். ஆங்கருக்குக் கீழே இவ்வளவு வெற்றிடம் தேவை.

ஆங்கர் டி-ரிங் உயரத்தில், அதாவது பாதத்திலிருந்து 1.5 மீட்டர் மேலே இருந்தால், நிற்கும் தளத்துக்குக் கீழே 4.75 மீட்டர் போதும். அதே ஹூக்கைக் காலடியில் மாட்டினால் முழு 6.25 மீட்டரும் வேண்டும். 5 மீட்டர் உயரத்தில் காலடியில் மாட்டிக்கொண்டு நிற்பவர், எல்லாம் முறையாக அணிந்திருந்தும் தரையில் மோதலாம். இடம் போதாத வேலைக்கு, தானாகச் சுருங்கி இழுக்கும் லைஃப்லைனை (உயிர்காப்புக் கயிறு) தலைக்கு மேலே மாட்டுங்கள். அது அதிகம் விழ விடாமல் பூட்டிக்கொள்ளும். அதன் கம்பி கூர்மையான விளிம்பில் உராயும் இடத்தில் விளிம்புக்கென்றே சோதித்த வகை மட்டும் ஆகும்.

அப்சார்பர் உடம்பில் படும் விசையை 6 கிலோநியூட்டனுக்குள், அதாவது சுமார் 600 கிலோ எடைக்குள் கட்டுப்படுத்துகிறது. அதை வீணாக்கும் பழக்கங்கள் சில. இரட்டை வால் (இரண்டு கிளை) லேன்யார்டில் சும்மா இருக்கும் வாலை ஹார்னஸின் உறுதியான வளையத்தில் மாட்டுவது முதல் தவறு. விழும்போது அந்த வால் அப்சார்பரைக் கிழிய விடாமல் பிடித்துக்கொள்ளும், அடி முழுவதும் உடம்பில் இறங்கும். அதற்கென்று நெஞ்சருகே எளிதில் கழன்றுவிடும் வளையம் இருக்கிறது, அதில் மாட்டுங்கள். அப்சார்பர் உள்ள இரண்டு தனி லேன்யார்டுகளை ஒரே நேரத்தில் ஆங்கரில் மாட்டினால் இரண்டும் சேர்ந்து எதிர்க்கும், விசை ஏறக்குறைய இரட்டிக்கும். நீளம் போதவில்லை என்று லேன்யார்டோடு லேன்யார்டைக் கோர்த்தால் விழும் தூரம் கூடும். உடல் எடையும் கருவிகளின் எடையும் சேர்ந்து லேபிளில் உள்ள அளவைத் தாண்டக் கூடாது.

ஆங்கர்

அமெரிக்க விதி ஆளுக்கு 22.2 கிலோநியூட்டன் தாங்கும் ஆங்கர் கேட்கிறது. சிறிய கார் ஒன்றைத் தொங்கவிட்டாலும் அசையாத இடம் என்று மனதில் வையுங்கள். கைப்பிடிக் கம்பி, தண்ணீர்க் குழாய், மின்கம்பிக் குழாய் எதுவும் ஆங்கர் ஆகாது.

கிடைமட்டமாகக் கயிறு கட்டி ஆங்கராக்குவதைத் தாமாகச் செய்யாதீர்கள். கயிறு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு ஆபத்து. நடுவில் 6 கிலோநியூட்டன் இறங்கும்போது கயிறு 5 பாகை மட்டுமே தொய்ந்தால், இரு முனையிலும் ஏறத்தாழ 34 கிலோநியூட்டன் இழுக்கும். கணக்குப் போட்டு வடிவமைத்தவரின் வேலை அது.

ஆங்கர் பக்கவாட்டில் விலகியிருந்தால் விழுந்தவர் ஊஞ்சலாடிச் சுவரில் மோதுவார். செங்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகைக்கு மேல் விலகி வேலை செய்ய வேண்டாம்.

தொங்கும்போது என்ன நடக்கிறது

அசையாமல் தொங்கினால் கால்களில் ரத்தம் தேங்கி இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது. மயக்கம் சில நிமிடங்களிலேயே வரலாம், 10 நிமிடத்துக்குள்ளும் வரலாம். நினைவோடு இருப்பவர் காலை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஹார்னஸில் மாட்டிவைக்கும் சிறு பைகளில் கால் மிதிக்கும் கண்ணி நாடா கிடைக்கிறது. அதில் ஏறி நின்றால் தொடைப் பட்டியின் அழுத்தம் தளரும். ஒவ்வொரு ஹார்னஸிலும் அதைப் போடுங்கள்.

மீட்பு

மீட்புப் பை வேலை நடக்கும் தளத்திலேயே இருக்க வேண்டும், பூட்டிய ஸ்டோரில் அல்ல. அதில் 10.5 முதல் 11 மில்லிமீட்டர் வரை தடிமனான, அதிகம் நீளாத கயிறு, டிசென்டர் (கயிற்றில் மெதுவாக இறக்கும் கருவி), கப்பித் தொகுதி, பூட்டும் கேரபைனர்கள் (உலோகக் கொக்கி வளையங்கள்), நீண்ட கோல், ஆங்கர் நாடா, விளிம்புக் காப்பு, பாதுகாப்புக் கத்தி.

1. மற்ற வேலைகளை நிறுத்துங்கள். அவசர உதவியை அழையுங்கள். ஒருவர் தொங்குபவரோடு விடாமல் பேசிக்கொண்டே இருக்கட்டும்.

2. ஏணியோ மேன்லிஃப்டோ (ஆளை மேலே தூக்கும் இயந்திரம்) எட்டினால் அதுவே முதல் வழி. அவசரத்தில் மீட்பவர் கட்டாமல் விளிம்புக்குப் போய்விடுவார். முதலில் அவர் தன் ஹூக்கை வேறு ஆங்கரில் மாட்ட வேண்டும்.

3. எட்டாவிட்டால், தொங்குபவருக்கு மேலே ஆங்கர் போட்டு, கோலால் மீட்புக் கயிற்றின் கேரபைனரை அவர் முதுகு டி-ரிங்கில் மாட்டுங்கள். பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பாருங்கள்.

4. இப்போது எடை முழுவதும் லேன்யார்டில் இருக்கிறது. அது தளரும்வரை சில சென்டிமீட்டர் தூக்குங்கள். 3:1 கப்பியில் 10 சென்டிமீட்டர் தூக்க 30 சென்டிமீட்டர் கயிறு இழுக்க வேண்டும். எடை மீட்புக் கயிற்றுக்கு மாறிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே லேன்யார்டைக் கழற்றுங்கள். கழற்றவே முடியாவிட்டால்தான் கத்தி. இறுகிய கயிறு கத்தி பட்டாலே அறுந்துவிடும், ஆகவே மீட்புக் கயிற்றை விட்டுத் தள்ளி லேன்யார்டை மட்டும் வெட்டுங்கள்.

5. டிசென்டரில் மெதுவாக இறக்குங்கள். கீழே ஒருவர் வழிகாட்டுக் கயிற்றைப் பிடித்து அவரைச் சுவரில் உரசாமல் வைக்கட்டும்.

4:1 கப்பியைக் கொண்டே 10 மீட்டர் இறக்கப் பார்த்தால் 40 மீட்டருக்கு மேல் கயிறு வேண்டும். கயிறு தீர்ந்து ஆள் பாதியில் நிற்பார். கப்பி தூக்குவதற்கு, டிசென்டர் இறக்குவதற்கு.

தரைக்கு வந்ததும் வழக்கமான முதலுதவி. நினைவில்லையென்றால் மூச்சைப் பார்த்து, மூச்சுப் பாதை திறந்திருக்கும்படி படுக்கவையுங்கள். மூச்சில்லையென்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். இறக்கியவரை அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை கைவிடப்பட்டுவிட்டது. விழுந்த அடியில் கழுத்தோ முதுகோ பாதித்திருக்கலாம் என்று நினைத்தே கையாளுங்கள். நன்றாக இருக்கிறேன் என்று அவர் சொன்னாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்தப் படிகளை வேலை தொடங்கும் முன் அதே தளத்தில், மனிதரை வைத்தல்ல, எடையுள்ள பொம்மையை வைத்து, கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள். கோல் எட்டாதது, ஆங்கர் தூரமாக இருப்பது எல்லாம் அப்போதுதான் தெரியவரும். தனி ஆளாக யாரையும் ஏற்ற வேண்டாம்.

விழுந்து நின்ற ஹார்னஸ், லேன்யார்டு, ஆங்கர் நாடா அனைத்தையும் உடனே சீட்டு ஒட்டித் தனியே பூட்டுங்கள். விசாரணை முடிந்த பிறகு நாடாவை நடுவில் வெட்டிக் கழியுங்கள்; வெட்டாவிட்டால் யாராவது அதை மறுபடி எடுத்துப் போட்டுக்கொள்வார்.