ஹைட்டியின் புத்தாண்டுச் சூப்: மாட்டிறைச்சி, பரங்கிக்காய், பாஸ்தா

கரீபியன் கடலிலுள்ள ஹைட்டி நாட்டில் ஜனவரி 1 அன்று காலையில் பெரும்பாலான வீடுகளில் ஒரே உணவுதான் அடுப்பில் இருக்கும். மாட்டிறைச்சியை மெதுவாக வேகவைத்து, பரங்கிக்காய் விழுதைக் கரைத்து, கிழங்கும் கோசும் பாஸ்தாவும் சேர்த்து இறக்கும் அந்தச் சூப்புக்குச் ‘சூப் ஜூமூ’ என்று பெயர். ஜூமூ என்பது அந்நாட்டுக் கிரெயோல் மொழியில் பரங்கிக்காயைக் குறிக்கும் சொல். ஒரு கிண்ணம் குடித்தால் மதியம் வரை பசிக்காத அளவுக்குக் கனமான உணவு இது. ஆகவே, இதைச் சாப்பாட்டுக்கு முன் பரிமாறும் மெல்லிய சூப்பாக எண்ணாமல், இதுவே சாப்பாடு என்று எண்ணிச் சமைக்கத் தொடங்குவது நல்லது.

பிரான்சின் ஆட்சியில் அடிமைகளின் உழைப்பால் செழித்த அந்தத் தோட்ட நாட்டில், இச்சூப் முதலில் ஆண்டைகளின் உணவாக இருந்தது. சமைத்தவர்களுக்கு அதைச் சுவைக்கும் உரிமை இருக்கவில்லை என்று ஹைட்டி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். 1804 ஜனவரி 1 அன்று விடுதலைப் படையின் தலைவர் ஜான் ஜாக் டெசாலின் கொனாயிவ் நகரில் விடுதலையை அறிவித்த பிறகு, அந்த நாளை அதே சூப்பைக் குடித்துக் கொண்டாடும் வழக்கம் வேரூன்றியது. 2021-இல் யுனெஸ்கோ தனது வாழும் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது. அப்பட்டியலில் ஹைட்டியிலிருந்து இடம்பெற்ற முதல் மரபு இதுவே. புத்தாண்டுக்கு மட்டுமல்லாமல், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளிலும் அங்கே பல வீடுகளில் இது உண்டு.

இந்தச் சூப்பில் திடம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. எலும்பும் தசைநாரும் நெடுநேரம் வெந்து தரும் பசைத்தன்மை முதலாவது, மசித்த பரங்கிக்காய் இரண்டாவது, பாஸ்தாவிலிருந்து இறங்கும் மாவு மூன்றாவது. முதலிரண்டையும் நிதானமாக விளையவிட்டு, மூன்றாவதைக் கடைசி நிமிடம் வரை தள்ளிவைப்பதில்தான் சமையற்காரரின் திறமை இருக்கிறது. கெட்டியாகவில்லையே என்று மைதாவோ சோளமாவோ கரைத்து ஊற்றினால் சூப் தடிக்கும். ஆனால் நாக்கில் பசைபோல் படியும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எட்டுப் பேருக்குத் தேவையான அளவைச் சொல்கிறேன். மாட்டின் கீழ்க்கால் சதை முக்கால் கிலோ, நல்லி எலும்பு அரைக் கிலோ, தோலும் விதையும் நீக்கிய பரங்கிக்காய் ஒரு கிலோ, நடுத்தர உருளைக்கிழங்கு மூன்று, கேரட் இரண்டு, டர்னிப் ஒன்று, முட்டைகோஸ் 200 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று, லீக்ஸ் ஒரு தண்டு, செலரி இரண்டு தண்டு, ரிகடோனி வகைப் பாஸ்தா 150 கிராம், வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, கிராம்பு ஐந்து, எலுமிச்சம்பழம் மூன்று, காரத்துக்கு ஒரே ஒரு முழு மிளகாய். டர்னிப் கிடைக்காவிட்டால் நூல்கோல் போடலாம். லீக்ஸ் கிடைக்காவிட்டால் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி போதும். பாஸ்தாவின் அளவை மட்டும் கூட்ட வேண்டாம். பார்க்கும்போது 150 கிராம் குறைவாகத் தோன்றும். ஆனால் வெந்ததும் அதன் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும், பிறகும் அது நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

இறைச்சிக் கடையில் ‘எலும்பில்லாத மென்மையான துண்டு’ என்று கேட்பது இந்தச் சூப்பைப் பொறுத்தவரை தவறு. முதுகுப் பகுதியின் மென்மையான சதை இரண்டு மணி நேரம் கொதித்தால் நார் நாராகி வறண்டுவிடும். நாள் முழுதும் நடந்து உழைத்த கால் சதையில் கொலாஜென் என்னும் இணைப்புத் திசுப் புரதம் மிகுதி. மெல்லிய சூட்டில் நெடுநேரம் வேகும்போது அது ஜெலட்டினாக உருகி, சதையை ஈரமாகவும் குழம்பை உதட்டில் ஒட்டும்படியும் ஆக்கும். கடைக்காரரிடம் சதையை ஏறக்குறைய இரண்டு அங்குலத் துண்டுகளாகவும், நல்லி எலும்பைக் குறுக்காகவும் வெட்டித் தரச் சொல்லலாம். துண்டுகள் வேகும்போது சுருங்கும் என்பதால், பிரியாணிக்கு வெட்டுவதைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்கட்டும்.

ஹைட்டிச் சமையலில் இறைச்சி நேராக அடுப்புக்குப் போவதில்லை. எலுமிச்சையாலோ புளிப்பு ஆரஞ்சாலோ தேய்த்துக் கழுவிய பிறகு, ‘எப்பீஸ்’ என்னும் பச்சை விழுதில் அது ஊற வேண்டும். ஒரு கட்டு பார்ஸ்லி, ஆறு வெங்காயத்தாள், பத்துப் பல் பூண்டு, பாதிப் பச்சைக் குடைமிளகாய், ஒரு தேக்கரண்டி தைம் இலை, ஒரு எலுமிச்சையின் சாறு, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைத் தண்ணீர் சேர்க்காமல் கொரகொரப்பாக அரைத்தால் எப்பீஸ் தயார். பார்ஸ்லி கிடைக்காத ஊரில் கொத்தமல்லித் தழையைப் போட்டுவிடலாம் என்று பலர் சொல்வார்கள். போடலாம்தான், ஆனால் கொத்தமல்லியின் மணம் மற்ற எல்லாவற்றையும் அடக்கிவிடும் என்பதால், அரைக் கட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தைமை மட்டும் விட்டுவிடக் கூடாது. பச்சைத் தைம் இல்லாவிட்டால் காய்ந்தது அரைத் தேக்கரண்டி போதும்.

முதல்நாள் இரவே ஒரு எலுமிச்சையைப் பிழிந்து இறைச்சியை அலசி, நீரை நன்றாக வடித்துவிட்டு, நான்கு மேசைக்கரண்டி எப்பீஸைப் பிசிறி மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். அவசரமென்றால் இரண்டு மணி நேர ஊறலும் பழுதில்லை. மீந்த விழுதை ஒரு கண்ணாடிப் புட்டியில் வைத்திருந்தால் அடுத்த சில நாள்களில் மீனுக்கும் கோழிக்கும் பயன்படும்.

மறுநாள் காலை, அடிகனமான பெரிய பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைக் காயவைத்து, இறைச்சித் துண்டுகளில் ஒட்டியிருக்கும் விழுதை வழித்துத் தனியே வைத்துவிட்டு, துண்டுகளைச் சிறிது சிறிதாகப் போட்டு எல்லாப் பக்கமும் பழுப்பாகும்படி வறுக்க வேண்டும். விழுதோடு சேர்த்துப் போட்டால் பூண்டும் தழையும் கருகிக் கசக்கும். மொத்தமாகக் கொட்டினால் இறைச்சி நீர்விட்டு வெந்துவிடுமே தவிர, வறுபடாது. வறுத்ததை எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் நறுக்கிய வெங்காயம், லீக்ஸ், செலரி ஆகியவற்றை வதக்கும்போது அடியில் பிடித்திருக்கும் பழுப்புப் படிவு தானாகக் கழன்று வரும். அதைச் சுரண்டி எறிந்துவிடாதீர்கள். சூப்பின் ருசியில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. பிறகு இறைச்சி, நல்லி எலும்பு, வழித்து வைத்த விழுது, இரண்டரை லிட்டர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு எல்லாவற்றையும் சேர்க்கலாம்.

முதல் கொதி வரும்போது மேலே திரளும் சாம்பல்நிற நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டு, உடனே தீயைக் குறைக்க வேண்டும். இனி ஒன்றே முக்கால் மணி முதல் இரண்டு மணி நேரம் வரை, மேற்பரப்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குமிழி எழும் அளவுக்கு மட்டுமே சூடு இருக்கட்டும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு நீரோடு கலந்து குழம்பு கலங்கிவிடும். கரண்டியின் விளிம்பால் அழுத்தினால் சதை இரண்டாகப் பிரிய வேண்டும், அதுவே பதம். பிரஷர் குக்கரில் செய்வோர் தண்ணீரை ஒன்றரை லிட்டராகக் குறைத்து, முதல் விசில் வந்த பின் சிறு தீயில் 30 நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்கிய பிறகு திறக்கலாம். மீதி ஒரு லிட்டரைக் கொதிக்கவைத்துப் பிறகு ஊற்றிக்கொள்ளலாம். திறந்த பாத்திரத்தில் கிடைக்கும் தெளிவும் மணமும் குக்கரில் முழுமையாக வருவதில்லை என்பது என் கருத்து. வேலைநாளில் செய்தால் குக்கரே கைகொடுக்கும்.

இனிப் பரங்கிக்காய். ஹைட்டியில் பயன்படுத்தும் காயும், தமிழ்நாட்டில் பரங்கிக்காய், மஞ்சள் பூசணி என்றும் கொங்குப் பகுதியில் அரசாணிக்காய் என்றும் அழைப்பதும் தாவரவியல்படி ஒரே இனம்தான். அந்த இனத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். கடல் கடந்து வந்த வழியை நம் ஊரில் அதன் பெயரிலுள்ள ‘பரங்கி’ இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆகவே மாற்றுக் காய் தேட வேண்டியதில்லை. நன்கு முற்றி, உள்சதை ஆழ்ந்த ஆரஞ்சு நிறத்தில் இருப்பதாகப் பார்த்து வாங்கினால் போதும். வெளிறிய இளங்காயில் நிறமும் இராது, திடமும் இராது. வெண்பூசணியைப் போட்டால் அது வேறொரு சூப்பாகிவிடும்.

பரங்கிக்காயைத் தனியே தண்ணீரில் வேகவைத்து அரைப்பவர்களும் உண்டு. நான் விரும்புவது, இறைச்சி முக்கால் பதம் வெந்தவுடன் அதன் மேலேயே பெரிய துண்டுகளாகப் போட்டு, 20 முதல் 25 நிமிடம் வேகவைத்து, துளையுள்ள கரண்டியால் அள்ளி எடுக்கும் முறை. காய் எலும்புச்சாற்றை உறிஞ்சிக்கொள்வதோடு, ஒரு பாத்திரம் கழுவும் வேலையும் குறைகிறது. எடுத்த துண்டுகளைச் சற்று ஆறவிட்டு, இரண்டு கரண்டிக் குழம்போடு மிக்சியில் மைய அரைத்து மறுபடி பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். சூடாகவே மூடி அரைத்தால் ஆவி மூடியைத் தள்ளிவிடும், கவனம். விழுது கலந்ததும் குழம்பு பொன்னிறமாகி, கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலமாக நிற்கும். இந்தக் கட்டத்தில் அது நீங்கள் விரும்பும் அளவைவிடச் சற்று நீர்த்தே இருக்க வேண்டும், ஏனெனில் உருளைக்கிழங்கும் பாஸ்தாவும் இனிமேல்தான் வரப்போகின்றன.

கேரட்டையும் டர்னிப்பையும் தடித்த துண்டுகளாக நறுக்கி முதலில் போட்டு, ஐந்து நிமிடம் கழித்து உருளைக்கிழங்கையும், மேலும் ஐந்து நிமிடம் கழித்து முட்டைகோஸையும் சேர்க்கவும். கிராம்புகளை ஒரு சின்ன வெங்காயத்தில் குத்திப் போட்டால் கடைசியில் தேடாமல் எடுத்துவிடலாம். யாருடைய பல்லிலும் கிராம்பு அகப்படாது.

மிளகாயும் இப்போதுதான் இறங்க வேண்டும். ஹைட்டியில் ‘பிமான் பூக்’ என்று வழங்கும் உருண்டையான மிளகாய், ஸ்காட்ச் பானெட் என்று மற்ற இடங்களில் அறியப்படும் வகையைச் சேர்ந்தது. அதன் காரம், ஸ்கோவில் என்னும் கார அளவையில் ஒரு லட்சத்தைத் தாண்டும். ஆயினும் அதைச் சேர்ப்பது பழவாசனை கலந்த அதன் மணத்துக்காகவே. காம்போடும் கீறலில்லாமலும் முழுதாக மிதக்கவிட்டு, கரண்டி படாமல் பார்த்துக்கொண்டு, பாஸ்தா வெந்ததும் அப்படியே தூக்கி எடுத்துவிட வேண்டும். உள்ளே வெடித்துவிட்டால் எட்டுப் பேரும் கண்ணீர் விட நேரும். இலங்கைச் சந்தைகளில் நை மிரிஸ் என்று விற்கும் மிளகாய் மணத்தில் இதற்கு நெருங்கியது. இரண்டுமே கிடைக்காதபோது பச்சைமிளகாயை முழுதாகப் போடலாம். காரம் கிடைக்கும், அந்த மணம் கிடைக்காது.

முட்டைகோஸ் அரைவேக்காடாக இருக்கும்போது பாஸ்தாவைச் சேர்க்கலாம். குழாய் வடிவ ரிகடோனி ஹைட்டி வீடுகளில் பெரிதும் விரும்பப்படுவது. குழம்பு குழாய்க்குள் புகுந்து நிற்பது தனிச் சுகம். மக்ரோனியும் சேமியா போன்ற மெல்லிய வகையும்கூட உண்டு, ஆனால் மெல்லியது நான்கு நிமிடத்தில் குழைந்துவிடும். டியூரம் கோதுமை ரவையில் செய்தது என்று உறையில் போட்டிருப்பதையே வாங்க வேண்டும். மைதாவில் செய்தவை சூப்பில் கரைந்துபோகும். உறையில் 12 நிமிடம் என்றிருந்தால் ஒன்பதாவது நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிடவும். மீதியைப் பாத்திரத்தின் சூடு பார்த்துக்கொள்ளும். முதல் முறை செய்தபோது இதை நம்பாமல் நன்றாக வேகவிட்டு, பாஸ்தாவையும் கால் கிலோவாகக் கூட்டி, மீந்ததை அப்படியே மூடிவைத்தேன். மறுநாள் காலையில் பாத்திரத்தில் இருந்தது சூப் அன்று, பொங்கல்.

அடுப்பை அணைத்தவுடன் மிளகாயையும் கிராம்பு குத்திய வெங்காயத்தையும் எடுத்துவிட்டு, வெண்ணெயையும் மீதமிருக்கும் எலுமிச்சையின் பாதிச் சாற்றையும் கலந்து உப்புப் பார்க்கவும். பரங்கிக்காயின் இனிப்பைப் புளிப்புதான் கட்டுக்குள் வைக்கும்; தேவையென்றால் மறுபாதியையும் பிழியலாம். ஆழமான கிண்ணத்தில், ஒவ்வொருவருக்கும் இரண்டு துண்டு இறைச்சியாவது விழும்படி ஊற்றி, மொறுமொறுப்பான ரொட்டித் துண்டோடு கொடுக்க வேண்டும். எலும்பின் உள்ளிருக்கும் மஜ்ஜையை யாருக்குக் கொடுப்பது என்பதை வீட்டாரே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

மறுநாளுக்கும் வேண்டுமென்று முன்கூட்டியே தெரிந்தால், பாஸ்தாவை உப்புநீரில் தனியே வேகவைத்து, சிறிது எண்ணெய் பிசிறி வைத்து, பரிமாறும்போது கிண்ணத்தில் போட்டுச் சூப்பை மேலே ஊற்றுவதே சிறந்த வழி. மீந்த சூப்பை அகலமான பாத்திரங்களில் பிரித்து ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் வரை கெடாது. குளிர்ந்ததும் அது கூழ்போல் உறைந்திருக்கும். எலும்பின் ஜெலட்டின் நன்றாக இறங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். தேவையான அளவை மட்டும் எடுத்து, கால் குவளைக் கொதிநீர் விட்டு, அடிபிடிக்காமல் கிளறி நன்றாகக் கொதிக்கவைத்து, இறக்கிய பின் மறுபடியும் சில துளி எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம்.